இருட்டு நேர நடைமுறை

சான்றிதழ் அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்றபடி மேலதிகாரி முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவர் மூணாம் நம்பர்தான். அவர் மனைவிகூட பக்கத்து வீட்டில் பேசும்போது, "எங்க வீட்டு மூணாம் நம்பர் இன்னும் வரல" என்பாள். கேட்கிறவர்கள் முதல் இரண்டு நம்பர்கள் யாராக இருக்கும் என்று யோசிப்பதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

மூணாம் நம்பரின் மேசையில் இருந்த கணினித் திரைக்கு ஒரு வியாதி. நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். திடீரென்று, யாரோ முகத்தில் போர்வையைப் போட்ட மாதிரி இருண்டுவிடும். கணினி தன்பாட்டுக்கு ஓடும், அதன் விசிறி சுற்றும், திரை மட்டும் கரிச்சட்டி. ஒரு டம்ளர் தேநீர் ஆறி ஏடு படிகிற நேரம் அப்படிக் கிடந்துவிட்டு, எதுவுமே நடக்காதது போல விழித்துக்கொள்ளும்.

விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போயிற்று என்று வெளியாள் நினைக்கலாம். வெளியாளுக்கு விதி தெரியாது. ஒரு விண்ணப்பத்தை ஊழியர் முதலிலிருந்து கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்தால்தான் சான்று தரலாம். நடுவில் கண்ணுக்கு மறைந்த விண்ணப்பம் செத்த விண்ணப்பம். அதைக் கொடுத்தவர் வரிசையின் வாலுக்குப் போய் மறுபடி ஊர்ந்து வர வேண்டும். வசிப்பிடச் சான்று மூணாம் நம்பரில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால், வேறு கவுண்டருக்கு ஓடவும் வழியில்லை.

மூணாம் நம்பர் புகார் கொடுக்காமல் இல்லை. உபகரணப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஓர் ஆள் வந்தார். அவர் வந்த நேரம் திரை எரிந்தது. "எரிகிறது" என்று எழுதிக்கொண்டு போனார். இன்னொரு முறை வந்தபோது இருண்டிருந்தது. "ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார். வேறு திரை கேட்டுப் பார்த்தார் மூணாம் நம்பர். பழுதான திரையை ஒப்படைத்தால்தான் வேறு திரை தருவார்களாம். பழுது என்று பிரிவு ஒப்புக்கொண்டால்தான் அது பழுதான திரையாம். பிரிவு ஒப்புக்கொண்டதோ இல்லையோ, பழுது மட்டும் தன் கடமையில் தவறவில்லை.

கடைசியில் தலைமையகம் விழித்துக்கொண்டது. திரையைச் சரிசெய்யவில்லை. இருட்டைச் சரிசெய்தது. இருட்டு நேர நடைமுறை என்று ஒன்றை வகுத்து, அதற்கு ஒரு பலகை எழுதி, 'இருட்டு நேர உதவியாளர்' என்று ஒரு தற்காலிகப் பதவியையும் உண்டாக்கியது. திரை இருண்டதும் அந்த உதவியாளர் கையில் டார்ச் விளக்கோடு எழுந்து வந்து, விண்ணப்பதாரர் கால் தடுக்காமல் வரிசையின் கடைசிக்குப் போக வெளிச்சம் காட்ட வேண்டும். கூடத்தில் அத்தனை குழல் விளக்குகளும் பளீரென்று எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனாலும் நடைமுறையில் டார்ச் என்றிருந்ததால் டார்ச்.

அந்தப் பதவிக்கு வந்தது மூணாம் நம்பரின் மச்சினன். மனைவியின் தம்பி. துணிக்கடை வைத்து, கடனுக்குக் கொடுத்துக் கொடுத்தே கடையை இழுத்து மூடியவன். வேறு வேலை எதுவும் அமையாமல் அக்கா வீட்டில் ஒரு மூலையில் பாயைப் போட்டுக் கிடந்தவனை, மூணாம் நம்பர்தான் நாலு பேரைப் பார்த்து உள்ளே நுழைத்தார். பையன் வேலைக்கென்றே பிறந்தவன் போல ஒட்டிக்கொண்டான். நூறு துணியைப் பிரித்துப் போட்ட பிறகும் வாங்காமல் போகிறவர்களைச் சிரித்து வழியனுப்பிய பழக்கம் அவனுக்கு. அதே சிரிப்போடு, "வாங்கக்கா, இப்படி வாங்க, படி இருக்கு பாத்து" என்று ஜனங்களைக் கடைசிக்கு அழைத்துப் போவான். படி எதுவும் கிடையாது. ஆனால் திட்ட வாயெடுத்தவர்கள்கூட அவனிடம் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக இருட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் தையல்காரம்மா வந்தார்.

மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வசிப்பிடச் சான்று கொடுத்தால்தான் அந்த இடம் நிலைக்கும். முதல் முறை வந்தார், அச்சுப் பொத்தானை அமுக்கப் போகிற சமயத்தில் திரை இருண்டது. கடைசிக்குப் போனார். மறுபடி முன்னால் வந்தார், மறுபடி இருண்டது. இன்னொரு நாள் வந்தார், அன்றும் அதே கதை. கத்தியிருந்தால் மூணாம் நம்பர் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். அந்த அம்மா கத்தவில்லை. இனி வெள்ளிக்கிழமைதான் வர முடியும், பள்ளிச் சீருடை ஒரு கட்டு தைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, கல்லூரிக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில், "உங்களுக்கும் எவ்ளோ தொந்தரவு சார்" என்றார்.

மூணாம் நம்பருக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. இவ்வளவு நாளும் திரை இருளும்போதெல்லாம் அவர் செய்தது என்ன? நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்தது. சில நாட்களில், வரிசை நீளமாக இருக்கும்போது, எப்போது இருளும் என்று ஆசையாகக் காத்திருந்ததும் உண்டு. அதைத் தொந்தரவு என்று நினைத்து ஓர் அம்மா இரக்கப்பட்டுவிட்டுப் போகிறார்.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம். திரையின் முதுகில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடினார். தேடவே தேவையில்லாத மாதிரி முதலிலேயே கிடந்தது. திரை திடீரென்று இருள்வது தெரிந்த குறைதான், திரைக்குள் பதிந்திருக்கும் சின்ன நிரலை, அதாவது ஃபெர்ம்வேரை, புதுப்பித்தால் சரியாகிவிடும், இலவசம். பென்டிரைவில் இறக்கி, திரையின் பின்னால் இருந்த துளையில் சொருகி, கீழ் விளிம்பில் இருந்த பொத்தானை அமுக்கினார். "மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்" என்று எழுத்து வந்தது. ஒரு நீலக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. பூட்டிய கடையில் கல்லாவைத் திறந்தவன் போல அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கோடு முடிந்தது. திரை ஒரு முறை கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

அன்று மாலைவரை இருட்டவே இல்லை. வரிசை ஓடிய வேகத்தில் ஜனங்களே சந்தேகமாகப் பார்த்தார்கள். மச்சினன் மட்டும் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, வாடிக்கை வராத கடையில் நிற்கிறவன் போல உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க மூணாம் நம்பர் அன்றைக்கு ரொம்ப வேலை செய்தார்.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே நின்று செய்தி சொன்னாள். தம்பியின் பதவியை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். தலைமையகத்து இயக்குநரே வெள்ளிக்கிழமை நேரில் வந்து இருட்டைப் பார்த்துவிட்டு உத்தரவு போடுவாராம். தம்பிக்கு வரன் பேசி நின்றுபோன இடத்தில்கூட மறுபடி ஆள் விட்டிருக்கிறார்களாம். மூணாம் நம்பர் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே சமையலறைக் குழாயின் ஒழுக்கைச் சரிசெய்ய உட்கார்ந்தார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"என்ன தப்புப் பண்ணீங்க?"

"குழாய் ஒழுகுது."

"அது கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒழுகுது. என்ன தப்புப் பண்ணீங்கன்னு கேட்டேன்."

அவர் குழாயை இன்னும் இறுக்கினார். மறுநாள் காலை கவுண்டரில் உட்கார்ந்ததும் இடது கையைத் திரையின் கீழ் விளிம்புக்குக் கொண்டுபோனார். அங்கே திரையை அணைக்கிற பொத்தான் இருந்தது. சரியான சமயம் பார்த்துக் கட்டைவிரலால் அமுக்கினார். இருட்டு. மச்சினன் முகத்தில் விளக்கு எரிந்தது. டார்ச்சோடு பாய்ந்து வந்தான்.

தராசுத் தட்டில் விரல் வைக்கிற வியாபாரிகளை மூணாம் நம்பருக்குப் பிடிக்காது. ஆனால் விரல் வைத்துப் பழகிய பிறகுதான் அதன் கஷ்டம் தெரிகிறது. யாருக்கு வைப்பது? முதலில் மிரட்டுகிறவர்களுக்கு வைக்கலாம் என்று தீர்மானித்தார். மிரட்டுகிறவர்களோ, பயத்தில் இவர் விரல் அசைவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இருட்டெல்லாம் சத்தம் போடாதவர்கள் தலையிலேயே விழுந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, காது கேட்காத தச்சர் ஒருவர். எடையில் குறைத்தவன் சிரிப்பில் கூட்டிக் கொடுக்கிற மாதிரி, மூணாம் நம்பர் எல்லாரையும் "வாங்க, போங்க, மன்னிச்சுக்குங்க" என்று தாங்கினார். பேருந்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் எழுந்து இடம் கொடுத்தார். அப்படியும் படுத்தால் தூக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை தையல்காரம்மா காலையிலேயே வந்துவிட்டால், இயக்குநர் வருவதற்குள் சான்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். அது ஒன்றை நினைத்துக்கொண்டு புரண்டு படுப்பார்.

வெள்ளிக்கிழமை தையல்காரம்மா காலையில் வரவில்லை. சீருடைக் கட்டைக் கொடுத்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் வந்தார். வரிசையில் முன்னேறி அவர் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்ற அதே நேரத்தில், பின்பக்கக் கதவு வழியாக இயக்குநர் உள்ளே வந்தார். கூடவே பராமரிப்புப் பிரிவின் தலைவர். கூடவே இருட்டைப் படம் பிடிக்க ஒரு புகைப்படக்காரர். இருட்டில் படம் விழாது என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். பளிச்சென்று ஒளி அடித்து எடுக்கும்படி உத்தரவு.

தேய்த்த சட்டையும் புது பேட்டரி போட்ட டார்ச்சுமாக மச்சினன் விறைப்பாக நின்றான்.

பராமரிப்புத் தலைவர் முதலில் பேசினார். மற்ற அலுவலகங்களில் பழுதுகள் வருகின்றன, போகின்றன, அவற்றுக்கு ஒரு தொடர்ச்சி கிடையாது. இந்தப் பழுதைத் தம் பிரிவு கண்ணை இமை காப்பது போல் காத்து வந்திருக்கிறது. வெளியாள் ஒருவரையும் தொட விட்டதில்லை என்றார். இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

"பழுதைச் சரி பண்றது பெரிய விஷயமில்ல. தெருமுனைக் கடைக்காரன்கூடப் பண்ணுவான். பழுதுக்கு ஒரு நடைமுறை வகுத்து, அதுக்கு ஆள் போட்டு, அந்த ஆளை மேற்பார்வை பார்க்க இன்னொரு ஆள் போடுறோம் பாருங்க, அதுக்குப் பேர்தான் நிர்வாகம்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆரம்பிங்க" என்றார், நாடகக் கொட்டகையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் போல.

மூணாம் நம்பர் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தார். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. தையல்காரம்மாவுக்குப் பின்னால் ஒரு வாட்டசாட்டமான ஆள் நின்றிருந்தார். இந்த அம்மாவை அனுப்பிவிட்டு அவருக்கு வைக்கலாம் விரலை. ஆனால் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பராமரிப்புத் தலைவர் இயக்குநரைப் பார்த்தார். "இன்னைக்கு இருளாதோ?" என்று இயக்குநர் கேட்ட குரலில், ஒரு பதவி அப்படியே கையிலிருந்து நழுவுகிற சத்தம் மூணாம் நம்பருக்குக் கேட்டது. மச்சினன் டார்ச்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

அமுக்கினார்.

திரை இருண்டது. இயக்குநர் கைதட்டினார். ஒளி அடித்தது. மச்சினன் டார்ச்சை ஏற்றிக்கொண்டு போய், "வாங்கக்கா, படி இருக்கு பாத்து" என்றான். தையல்காரம்மா நகரவில்லை. தடுப்பின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும், கடைசிக்குப் போனால் அலுவலகம் மூடிவிடும் என்று சொன்னார். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது. ஒரு தகவல், அவ்வளவுதான்.

மூணாம் நம்பரின் கட்டைவிரல் அதுவாகவே மறுபடி அமுக்கியது. திரை எரிந்தது.

"சார், இதுல பழுது கிடையாது" என்றார். "நான்தான் சரி பண்ணேன். கம்பெனியோட ஃபெர்ம்வேரைப் போட்டேன், சரியாயிடுச்சு. அப்புறம் நானே அணைச்சு அணைச்சு வெச்சேன். இப்பவும் நான்தான் அணைச்சேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பு லேசானது. வேலை போகட்டும். திட்டட்டும். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தண்டனை கிடைத்தால் போதும் என்று இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மச்சினன் மட்டும் டார்ச்சை அணைக்க மறந்து, "மாமா, அப்போ இத்தனை நாளா நான் கூட்டிட்டுப் போய் விட்டவங்கல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டான்.

பராமரிப்புத் தலைவர்தான் முதலில் தெளிந்தார். புதுப்பிக்க உத்தரவிட்டது யார் என்று கேட்டார். யாரும் இல்லை. பிரிவிலிருந்து யாராவது உடனிருந்தார்களா? இல்லை. "அப்போ அது புதுப்பித்தலே இல்ல" என்றார், தலையிலிருந்து சுமையை இறக்கியவர் போல.

"ஆனா எரியுது சார்" என்றார் மூணாம் நம்பர்.

இயக்குநர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். குரலில் அன்பு பொங்கியது.

"நிதானமா கேளுங்க. நீங்க சரி பண்ணீங்கன்னு நான் ஒத்துக்கிட்டா, அதிகாரமில்லாம அலுவலகச் சொத்துல கை வெச்சீங்கன்னு ஆகும். உங்க வேலை போகும். அதைப் பார்க்காம இருந்த இவர் வேலை போகும். இல்லாத இருட்டுக்கு ஆள் போட்டு, நேர்ல வந்து கைதட்டின என் கதி என்ன? அந்தப் பையன் கதி? ஒரு திரை எரியறதுக்காக நாலு குடும்பத்துல விளக்கை அணைக்கணுமா? அதனால நீங்க சரி பண்ணல. பண்ணவே இல்ல. அது எரியறது அதோட சொந்த விஷயம். விதிப்படி அது இருட்டு."

அங்கேயே உத்தரவும் ஆயிற்று. பதிவேட்டின்படி திரை எந்தெந்த நேரத்தில் இருண்டு வந்ததோ அந்தந்த நேரத்தில், எரிந்தாலும் இருண்டதாகவே கொள்ளப்படும். மச்சினன் நிரந்தரம். அவனை மேற்பார்வையிட ஒரு பதவி. உண்மையை மறைக்காமல் சொன்ன நேர்மைக்காக அதுவும் மூணாம் நம்பருக்கே. புகைப்படக்காரர் ஒளி அடித்தார். மூணாம் நம்பர் தண்டனை கேட்டு நீட்டிய கையில் பதவி உயர்வைத் திணித்துவிட்டார்கள். அதை வைக்க இடமில்லாமல் அந்தக் கை அப்படியே மேசைமேல் கிடந்தது.

"சரி, இருட்டு நேரம் இன்னும் முடியல. நடைமுறையை நடத்துங்க" என்றார் இயக்குநர். போகவில்லை. உட்கார்ந்திருந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா அப்படியே நின்றிருந்தார். உள்ளே பேசியது பாதி கேட்டிருக்கும், கேட்காமலும் இருக்கலாம். திரை கொஞ்சம் சாய்ந்திருந்ததால் அவருக்கும் தெரிந்தது. மகளின் பெயர், வீட்டு எண், தெரு, எல்லாம் நிரப்பி முடித்து, கீழே பச்சைக் கட்டத்தில் 'அச்சிடு'. ஒரே அமுக்குதான் பாக்கி.

"சார், எரியுதே. எம் பொண்ணு பேர்கூடத் தெரியுதே."

மூணாம் நம்பர் இயக்குநரைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டார்ச்சின் வட்டம் அவன் செருப்பின் மேலேயே விழுந்திருந்தது.

"இல்லம்மா" என்றார் மூணாம் நம்பர். "இருட்டா இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல."

அந்த அம்மா தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவை நுனியில் துடைத்து, காகிதம் கொடுக்கிற சந்து வழியாக உள்ளே தள்ளினார்.

"இதைப் போட்டுப் பாருங்க சார். பழசுதான். ஆனா ஊசியில நூல் கோக்கற அளவுக்குத் தெரியும்."

கேலியா, நிஜமாகவேவா என்று அந்த முகத்தில் தேடினார் மூணாம் நம்பர். எதுவும் அகப்படவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டார். அடுத்தவர் கண்ணுக்குச் செய்த கண்ணாடி. திரை, எழுத்து, பச்சைக் கட்டம், அந்தப் பெண்ணின் பெயர் எல்லாம் கரைந்து ஒரே பாலாகப் போயிற்று.

"தெரியலம்மா" என்றார். இந்தத் தடவை அது உண்மை. பொய்ச் சரக்கை நல்ல எடைக்கல்லில் நிறுத்துக் கொடுத்த மாதிரி, அந்த உண்மையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ குடுத்துடுங்க சார். வீட்ல தையல் கிடக்கு." சந்து வழியாக ஒரு கை உள்ளே வந்து, விரல்களை விரித்துக்கொண்டு காத்திருந்தது.

மூணாம் நம்பர் கழற்றவில்லை. கழற்றினால் தெரிந்துவிடும்.